ஒட்டுப்பால் நாற்றத்துக்கு ஒரு நிறம்

அண்ணன் செய்த கேமில் வரும் ஆளுக்குக் குதிக்கத் தெரியாது. இடுப்பில் சாரம் கட்டி, கையில் அரிக்கேன் விளக்கு வைத்திருக்கும் ஆள். நடப்பான், குனிவான், ஏணி இருந்தால் ஏறுவான். பள்ளம் வந்தால் விளிம்பில் நின்றுவிடுவான். இந்த மாதிரி கேம்களில் குதிப்பதுதான் முதல் வேலை. மேடைக்கு மேடை தாவ முடியாத ஒருவனை வைத்துக்கொண்டு பேய் பங்களா முழுவதையும் சுற்றிப் பார்க்கச் சொன்னால் யார் விளையாடுவார்கள் என்று கேட்டேன்.

"குதிக்க முடியாதவன் எப்படி மாடிக்குப் போறான்னு பாக்கத்தான் பாப்பா கேமே," என்றான்.

இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் ஒருவரோ இருவரோ செய்தால் இண்டி கேம். இருட்டு மாளிகை, கல்லறை, பூட்டிய அறை என்று போனால் கோத்திக். தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில், குருபோங் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக்கட்டிய மலிவு விலை வீடுகளில் ஒன்றில் இருந்த எங்களுக்கு அதன் பெயர் வெறும் 'பங்களா'. வேலை விட்டு வந்ததும் "பங்களா எம்புட்டு தூரம் வந்துருக்குண்ணே?" என்று கேட்பேன். அவன் அதை முடிப்பானா என்பது என் கவலை இல்லை. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்வரை உயிரோடு இருப்பான் என்று நம்பினேன். அதனால் அது முடியாமல் இருந்தாலே போதும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அவன் ஒட்டுப்பால் லாரி ஓட்டியவன். ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு பால் பிடிக்கும் மங்கிலும் மரத்தின் வெட்டுக் கோட்டிலும் காய்ந்து ஒட்டிக்கொள்வது ஒட்டுப்பால். அதைத் தோட்டம் தோட்டமாக ஏற்றிக்கொண்டு வந்து ஆலையில் கொட்ட வேண்டும். புளித்த பாலும் கெட்டுப்போன இறைச்சியும் சேர்ந்த மாதிரி நாறும். அவன் எத்தனை முறை குளித்தாலும் அந்த நாற்றம் அவன் சட்டையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், அவன் சாய்ந்த தலையணையில் இருக்கும். எங்கள் அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவள், பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். எனக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த மூக்கு. எங்களுக்கு அது ஒரு நாற்றமாகவே பட்டதில்லை. வீட்டில் அண்ணன் இருக்கிறான் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கோலா சுங்கை பாரு சாலையில் ஒரு வளைவில், மழை பெய்த மதியம், லாரி சாய்ந்தது. முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் தெரியாது என்றார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது. நான் அந்த வருஷம் மூன்றாம் படிவம். பரீட்சை எழுதினேன். முடிவு வாங்க நான் போகவில்லை. வேலைக்குப் போகும் வயது வந்ததும் குருபோங் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி ஒன்றில் சேர்ந்தேன். உருப்பெருக்கி விளக்கின் கீழே பச்சை சர்க்யூட் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. எனக்குப் பொருத்தமான வேலைதான். எது எப்போது கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். தினமும் முதுகுத்தோலைப் பார்க்க வேண்டும். மனசு உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் வயது வந்த தங்கச்சி அண்ணன் உடம்பைத் துடைப்பது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன். சவர பிளேடை ஒளித்து வைத்தேன். மாத்திரைகளை எண்ணி வைத்தேன். வேலையில் இருக்கும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாகத் தோன்றும். அட்டையில் கண் நிற்காது.

கம்ப்யூட்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். அண்ணனுக்கு லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், புக்கிட் பெருவாங்கில் இருந்த சிலோன்காரர் ஒருவர். வங்கியில் கிளார்க். நாங்கள் அங்கிள் என்போம். அவர் வீட்டில் பழசாகிப்போன மெஷினைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் ஒரு தடித்த புத்தகமும் கொடுத்தார். இங்கிலீஷ் புத்தகம். அண்ணனுக்கு என்னைவிடக் கொஞ்சம் நன்றாகப் படிக்க வரும். மடிமேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டான். முதல் வாரம் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் இடமிருந்து வலம் போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அம்மா தெரியாத கண்ணோடு குனிந்து பார்த்து, "நல்லா போகுதுப்பா," என்றாள்.

பங்களா எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மேட்டில் ஒரு துரை பங்களா இருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு மேனேஜர்கள் வந்தார்கள், பிறகு யாருமே வரவில்லை. மாடிப்படியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் மாடியில் ஒரு நாற்காலி ஜன்னல் வழியாகத் தெரியும். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் லயத்துப் பிள்ளைகளின் பேச்சு. கேமிலும் மாடி உண்டு, படி கிடையாது. ரப்பர் ஷீட் உலர்த்தும் தோட்டத்துப் புகைவீட்டையும் உள்ளே கொண்டுவந்தான். வரிசையாகத் தொங்கும் பழுப்பு ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே ஆள் நடந்து போவான், ஷீட்டு லேசாக ஆடும், பின்னால் என்ன என்று தெரியாது. மலாக்கா டவுனில் குன்றின் மேலே இடிந்த தேவாலயச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் பழைய கல்லறைக் கற்களையும் விடவில்லை. பள்ளியில் சுற்றுலா போனபோது பார்த்தது, அதில் செதுக்கிய மண்டையோட்டை நினைவிலிருந்து வரைந்தான். அலோர் காஜாவில் டிவி கேம் கேசட் வாடகைக்கு எடுத்து விளையாடிய நாட்களும் அதில் இருந்தன. போன அறைக்கே திரும்பி வர வேண்டும், முதலில் திறக்காத கதவு பிறகு திறக்கும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

படங்களுக்குக் கலர் அடிப்பது என் பொறுப்பு. கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் நான் பென்சிலால் நிரப்புவேன், அவன் அதை நம்பராக்கி உள்ளே தட்டுவான். பங்களாக் கூடத்தில் தொங்கும் துரை படத்துக்கு நான்தான் கலர் அடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்த துரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வரை போய் அந்தக் கூடத்துக்கே ஆளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. நானே கலர் அடித்த துரை, என்னிடம் சொல்லாமல் எழுந்து போயிருந்தான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

குதிக்காதவன் மாடிக்குப் போவதற்கு அவன் வைத்த வழி, எங்கள் ஆட்கள் மட்டுமே யோசிக்கக்கூடியது. மங்குகளில் இருக்கும் ரப்பர் பாலைச் சேர்த்துப் பள்ளத்தில் ஊற்ற வேண்டும். அதை உறைய வைக்கும் திராவகம் ஊற்ற வேண்டும். பிறகு எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும். பால் உறைந்தால் படியாகும். அவசரப்பட்டுக் கால் வைத்தால் ஆள் உள்ளே போய்விடுவான்.

வெளியாட்களில் முதலில் விளையாடியது அங்கிள்தான். வந்து உட்கார்ந்ததும் எல்லா பட்டனையும் தட்டினார்.

"பாயிறதுக்கு எது?"

"பாய மாட்டான் அங்கிள்."

"ஏன், காலிலே என்ன?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணன் அசராமல், "அவனுக்கு கால் நல்லாத்தான் இருக்கு அங்கிள், கவர்மண்டு வேலைக்காரன் மாதிரி நடந்துதான் போவான்," என்றான். அங்கிள் சிரிக்க வேண்டி வந்தது. பிறகு பாலுக்குள் ஆறு தடவை ஆளை மூழ்கடித்தார். தன் வீட்டில் எவனும் ரப்பர் பால் உறையக் காத்திருந்ததில்லை, தயிர் உறையத்தான் காத்திருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே ஏழாவது தடவை ஏறினார்.

அவருக்குக் கடைசிவரை பிடிபடாதது புள்ளிகள். சில அறைகளில் மஞ்சள் புள்ளிகள் காற்றில் மிதந்து வரும். அவர் அதைத் தூசி என்று நினைத்தார், பிறகு மின்மினி என்றார்.

"ஒட்டுப்பால் நாத்தம் அங்கிள்," என்றேன்.

"நாத்தத்தைப் போய்ப் படமா போடுறதோ?"

அண்ணனுக்கு அதில் பெருமை. கேமில் பார்க்கலாம், கேட்கலாம், மோந்து பார்க்க முடியாது, அதனால் நாற்றத்துக்கு ஒரு நிறம் கொடுத்தான். புள்ளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஏதோ மறைந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் சுவருக்குப் பின்னால் அறை இருக்கும். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு அரை மைல் தொலைவில் ஒரு ரப்பர் ஆலை இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் எங்கள் குடியிருப்பு, அந்தத் தாமான் முழுக்க ஜன்னலைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் திறந்திருக்கும். அம்மா மூக்கை உறிஞ்சி, "இன்னைக்கி கித்தா பெக்டரிக்கு நிறைய லோடு வந்துருக்கு," என்று மட்டும் சொல்வாள். அம்மாவுக்கு ரப்பர் எப்போதும் கித்தாதான்.

கேமைச் சோதிப்பது என் வேலையாயிற்று. ஃபேக்டரியில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்துக்கொண்டு, தப்புகளுக்கு நம்பர் போட்டு எழுதினேன். கதவு ரோசாக். ஏணி ரோசாக், பாதியில் ஆள் தொங்குகிறான். மெஷின் ஓடாவிட்டாலும் எங்களுக்கு ரோசாக்தான், சோறு ஊசிப்போனாலும் ரோசாக்தான். மலாய்ச் சொல் என்றே நாங்கள் நினைப்பதில்லை. அவன் அதைப் படித்துத் திருத்துவான், நான் அந்த வரியை அடித்துவிடுவேன்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில், அம்மா இனித் துடைக்க வேண்டாம், நானே துடைத்துக்கொள்கிறேன் என்றான். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தானே புரளவும் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை போடச் சொன்னான். எனக்கு அது நல்ல அடையாளமாகத் தெரிந்தது. தன் காரியத்தைத் தானே பார்க்கிறவன் சாகமாட்டான் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் கண் தெரியாமல் துடைக்கிற சிரமம் குறைந்தது. அவன் பவுடர் டின் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். அது முடிந்து இன்னொன்று கேட்டான். புழுக்கம், வேர்க்கும் என்று நினைத்துக்கொண்டேன். சோறு குறைந்தது. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தான். சில சாயங்காலம் பல் கிட்டும் அளவுக்கு நடுங்குவான், ஃபேன் காற்று என்பான். பங்களாவோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் நாலு அறை. பக்கவாட்டில் படுத்தால் தட்ட முடியாது, மல்லாந்து சாய்ந்திருந்தால்தான் கீபோர்டுக்குக் கை எட்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவள் அதை யோசிக்கவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் புது டிஸ்கெட் போட்டு விளையாடச் சொன்னான். விளையாடினேன். புகைவீட்டைத் தாண்டினேன், கல்லறையைத் தாண்டினேன். புள்ளிகள் குறையவில்லை. எந்த அறைக்குப் போனாலும் அதே அளவு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவை எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. அந்த ஆளிடமிருந்தே கிளம்பிக்கொண்டிருந்தன.

"அண்ணே, புள்ளி ஆள் மேலயே ஒட்டிக்கிட்டு வருது. ரூம் மாறினாலும் போகல."

"வரட்டும்."

"அப்புறம் எந்தப் பக்கம் நாத்தம்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

அவன் திரையையே பார்த்தான். "முடியாதுல்ல," என்றான்.

நான் புத்தகத்தை எடுத்து எழுதினேன். ஆள் ரோசாக். அதன் கீழே, புள்ளி ஆள் மேலேயே இருக்கிறது என்று விவரம். அடியில் கோடு போட்டுப் புத்தகத்தை மூடினேன்.

புத்தாண்டுக்கு எங்கள் ஃபேக்டரி நான்கு நாள் சூத்தி, லீவு. ரப்பர் ஆலை முதலாளி சீனர், அங்கே ஒரு வாரத்துக்கு மேல் அடைப்பு. லாரி வராது, அடுப்பு எரியாது. மூன்றாம் நாள் காலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆழமாக மூச்சு இழுத்து, எத்தனை சுகமான காற்று, தினமும் இப்படி இருக்கக் கூடாதா என்றாள். நானும் தலையாட்டினேன். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

வீட்டுக்குள் ஒட்டுப்பால் நாறியது.

ஆலை மூடியிருந்தது. காற்று சுத்தமாக இருந்தது. அண்ணன் லாரியை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் சட்டைகளை அம்மா எப்போதோ வெந்நீரில் போட்டு அலசிவிட்டாள். சமையலறைக்குப் போனேன், அங்கே குறைவு. கூடத்துக்கு வந்தேன், அதிகம். கேமில் அந்த ஆளை நடத்திக்கொண்டு போகிற மாதிரியே ஒவ்வொரு அடியாக என்னை நானே நடத்திக்கொண்டு போனேன். கட்டிலைச் சுற்றிய திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, புரண்டு படு."

"அம்மாவக் கூப்புடு."

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியும். புரண்டு படு."

அவன் கயிற்றைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற பலம் போயிருந்தது. நானே புரட்டினேன். போர்வையை எடுத்தேன். இடுப்புக்குக் கீழே நடு எலும்பிருக்கும் இடத்தில், பவுடரும் சீழும் கட்டியாகிக் கிடந்த அடியில், என் கை முஷ்டி போகும் அளவுக்குக் குழி இருந்தது. ஓரம் கறுப்பு. ஆழத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஈயம் பிடிக்காத இடத்தைத் தினமும் ஆயிரம் அட்டையில் கண்டுபிடிக்கிற கண்கள், பத்தடி தூரத்தில் படுத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கின்றன. அம்மா என் சத்தம் கேட்டு வந்து, கையால் தடவப் பார்த்தாள். தடுத்துவிட்டேன்.

அங்கிள் காரைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

இரண்டாவது வாரம் காய்ச்சல் சற்று இறங்கிய ஒரு மதியம், அவன் தெளிவாக இருந்தான். குப்புறப் படுக்கப் போட்டிருந்தார்கள். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனதைக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா இங்க கொண்டாந்து போட்டுருவீங்க. முன்ன மூணு மாசம் இந்தக் கூரையப் பாத்துகிட்டு கெடந்தேன். பங்களா அப்புடியே நின்னுரும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அப்புறம் சொன்னேன்தானே. நீதான் நோட்டுல எழுதின."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பா எழுதல பாப்பா. ஆளுதான் ரோசாக்."

சிரிக்கப் பார்த்தான். அது அவன் உண்மையாகவே எனக்கு வைத்த புதிரா, இல்லை நிஜமாகவே புரோகிராமில் விழுந்த தப்பைப் பிறகு வேடிக்கையாக மாற்றிக்கொண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் போய்விட்டான்.

அங்கிள் ஒரு வருஷம் கழித்து வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். உள்ளே டிஸ்க் சுழலவில்லை. டிஸ்கெட்டுகளை விளக்குக்கு நேரே பிடித்தார், எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்திருந்தது. பங்களாவில் மிச்சமிருப்பது நான் கலர் அடித்த கட்டத் தாள்களும் அந்தப் பயிற்சிப் புத்தகமும்தான். திருத்தி முடித்த தப்புகளை எல்லாம் அடித்திருக்கிறேன். கடைசி வரி மட்டும் அடிக்காமல் இருக்கிறது.

கட்டிலை எடுத்த இடத்தில் எதையும் போடவில்லை. ஆலை இன்னும் ஓடுகிறது. காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நாட்களில் இப்போது நாங்களும் மற்றவர்களைப் போல ஜன்னலைச் சாத்துகிறோம். ஆனால் சாத்துவதற்கு முன் அம்மா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், கட்டில் இருந்த இடத்தில் குனிந்து மோந்து பார்க்கிறாள். "பெக்டரிதான்," என்கிறாள். நான் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, ஆமாம்மா, பெக்டரிதான் என்கிறேன். அதன் பிறகுதான் ஜன்னல்.